ஏழாம் அத்தியாயம்: சாமி வேடம் ஏற்பவருக்கு

எழுத்தாலேயே ஆடும் கதைவிளையாட்டில் திருடன் வேடம் எளிது. ராஜா வேடமும் எளிது. பேசும் கிளியாக இருப்பதுகூட இரண்டு நாளில் பழகிவிடும். கடினம் சாமி வேடம்தான். "நீங்க சாமியா இருங்க" என்று குழு சொன்னதும் நமக்கு மனசு குளிர்ந்துவிடுகிறது. எதையும் செய்யலாம், யாரும் தடுக்க முடியாது என்று தோன்றுகிறது. ஆட்டம் கெடுவது அந்த இடத்தில்தான்.

எங்கள் குழுவில் ஆறு பேர். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டெலிகிராமில் கூடுவோம். எல்லாரும் வேங்கிக்காலிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிறவர்கள். அதனால் ஏரி வற்றிப்போன ஓர் ஊரைக் கதைக்களமாக வைத்துக்கொண்டோம். ஒருவர் விவசாயி, ஒருவர் ஏரித் தண்ணீரைப் பிரித்துவிடும் நீர்க்கட்டி, ஒருவர் தலையாரி, ஒருவர் வளையல் விற்க வந்த அசலூர்ப் பெண். கதைசொல்லி ஒருவர். நான் வருணன். முதல் நாள் விவசாயி மழை கேட்டார், கொடுத்தேன். நீர்க்கட்டி கரை உடையக் கூடாது என்று வேண்டினார், உடையாமல் காத்தேன். தலையாரி மதகுப் பலகையைத் திருடியவன் பெயரைக் கேட்டார், சொன்னேன். எட்டு மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தில் ஒன்பது மணிக்குச் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. "இனிமே நாங்க என்ன செய்யணும்?" என்று வளையல்காரி கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. இந்த அத்தியாயத்தில் இருப்பதெல்லாம் அதற்குப் பிறகு கற்றுக்கொண்டவை.

முதலில் எல்லை போடுங்கள்

நம் ஊர்களில் காவல் தெய்வத்தை எல்லைச் சாமி என்கிறோம். ஐயனாரோ முனீஸ்வரனோ, ஊர் எல்லைக்குள் எது நடந்தாலும் அவர் பொறுப்பு. எல்லைக் கல்லைத் தாண்டினால் அடுத்த ஊர்ச் சாமியின் இடம். ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான தெய்வம் கிடைக்காது. எல்லை இருக்கிற சாமியிடம்தான் கதை இருக்கும். பாம்பு கடித்தவனை எல்லைக்குள் தூக்கி வந்துவிட வேண்டும் என்று நாலு பேர் ஓடுவார்கள். துரத்தி வருகிறவன் கல்லைத் தாண்டுவானா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். எல்லாம் வல்ல கடவுளிடம் இப்படி ஓடி வர வேண்டிய அவசியம் யாருக்கும் வராது.

எல்லாம் வல்லவரே எல்லை போட்டுக்கொண்ட கதை எங்கள் ஊர் அண்ணாமலையில் இருக்கிறது. பிரம்மாவும் விஷ்ணுவும் அடிமுடி தேடிக் காண முடியாமல் போன நெருப்புத் தூண் இது. தலபுராண மரபில் இந்த மலை கிருத யுகத்தில் அக்னி, திரேதா யுகத்தில் மாணிக்கம், துவாபர யுகத்தில் பொன், கலியுகத்தில் கல். நெருப்பாகவே நின்றிருந்தால் யார் கிட்டே போக முடியும்? கல்லாகக் குளிர்ந்ததால்தான் பௌர்ணமிதோறும் ஜனங்கள் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு சுற்றி வருகிறார்கள். சாமி வேடம் ஏற்கிறவர் முதலில் செய்ய வேண்டியது இந்தக் குளிர்தல்தான்.

ஆட்டம் தொடங்கும் முன் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள். உங்கள் சாமியின் கை எதுவரை எட்டும்? அதனால் செய்யவே முடியாதது எது? அதற்கு என்ன வேண்டும்? மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வேண்டியது எதுவும் இல்லாத சாமி கதையில் அசையாமல் நிற்கும். பொங்கல் வேண்டும், கரையில் புதுக்கல் நட வேண்டும், தன்னை மறந்துபோன ஒரு குடும்பம் திரும்பி வர வேண்டும் — ஏதாவது ஒன்று வேண்டும்.

வருணனை விட்ட பிறகு நான் எடுத்துக்கொண்டது ஏரிக்கரைக் கன்னிமார் ஏழு பேரில் இளையவளை. அவள் கை எட்டுவது மதகிலிருந்து கலங்கல்வரை. தண்ணீர் தொட்ட பொருளை அவள் அறிவாள். தண்ணீர் தொடாததை அறிய மாட்டாள். மனிதர் மனசுக்குள் புக மாட்டாள். மூத்தவள் சொன்னால் கேட்டாக வேண்டும். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: வருஷத்துக்கு ஒருமுறையாவது ஏரி நிறைந்து கோடி போக வேண்டும், அந்தத் தண்ணீரில் அவள் தன் கரையைத் தாண்டி ஊர் பார்க்கப் போக வேண்டும். இவ்வளவு சின்ன சாமியை வைத்துக்கொண்டு ஏழு வாரம் ஆடினோம்.

கணினியில் வந்த சாமிகள்

இந்த வகை ஆட்டத்தில் சாமி வேடம் புதிதல்ல. 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா எழுதத் தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' விளையாட்டில் போதிய புள்ளி சேர்த்தவர் மந்திரவாதி ஆகலாம். மற்றவர்களுக்கு இல்லாத அதிகாரங்கள் அவருக்குக் கிடைக்கும். 1991-ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் வெளியிட்ட டிக்குமட் வழியில் வந்த ஆட்டங்களில் மேல்நிலைகளின் பெயரே 'அழியாதவர்', 'கடவுள்' என்றுதான் இருந்தது. அதிகாரம் வேறு, வேடம் வேறு என்பதை அங்கே பலர் குழப்பிக்கொண்டார்கள். ஆட்டத்தைப் பழுதுபார்க்கிறவரும் கதையில் தெய்வமாக வருகிறவரும் ஒரே ஆள் ஆகிவிட்டால், அவர் கோபம் எந்தக் கோபம் என்று யாருக்கும் விளங்காது. 1997-ல் தொடங்கி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் அக்கேயா என்ற ஆட்டத்தில் தெய்வ வேடம் தனியான பொறுப்பு. ஒவ்வொரு தெய்வத்துக்கும் அதைப் பின்பற்றும் ஆட்டக்காரர் கூட்டம் ஒன்று உண்டு. தெய்வத்தின் கதையை வளர்ப்பதில் அந்தக் கூட்டத்துக்கும் பங்கு இருக்கிறது. உங்கள் குழு சின்னதாக இருந்தாலும் இந்தப் பிரிவினையை வைத்துக்கொள்ளுங்கள்: கதைசொல்லி ஒருவர், சாமி இன்னொருவர்.

அடுத்தவர் கை அடுத்தவருடையது

சாமி வேடத்தில் செய்யவே கூடாத ஒன்று உண்டு. அடுத்தவர் பாத்திரம் என்ன செய்தது, என்ன நினைத்தது, என்ன சொன்னது என்று நீங்கள் எழுதக் கூடாது. "நான் தோன்றியதும் நீ நடுநடுங்கி மண்டியிட்டாய்" என்று எழுதினால் ஆட்டம் அந்த வரியோடு செத்துவிடும். மண்டியிடுவதா, முறைத்துப் பார்ப்பதா, ஓடிப்போவதா என்பது எதிரே இருப்பவரின் சொத்து. உங்களுடையது, தோன்றுவது மட்டும்.

இது மரியாதைக்காகச் சொல்லும் பேச்சல்ல. பாவெல் கர்ட்டிஸ் 1990-ல் தொடங்கிய லாம்ப்டாமூ என்ற எழுத்து உலகத்தில் 1993-ல் நடந்த ஒன்றை இந்தத் துறையில் இருப்பவர்கள் மறக்கவில்லை. ஓர் ஆட்டக்காரர் ஒரு பொம்மை நிரலை வைத்துக்கொண்டு, மற்றவர்களின் பாத்திரங்கள் தாமாகவே அருவருப்பான காரியங்களைச் செய்வதுபோல் வரிகளை எல்லார் திரையிலும் ஓடவிட்டார். வெறும் எழுத்துத்தானே என்று யாரும் தள்ளிவிட முடியவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் நிஜமாகவே காயப்பட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஜூலியன் டிபெல் வில்லேஜ் வாய்ஸ் இதழில் எழுதிய கட்டுரையால் அது உலகம் அறிந்த வழக்கானது. நம் பாத்திரத்தின் வாயும் கையும் நம்மிடமிருந்து பறிபோனால் அது நம் மேலேயே கை வைத்ததுபோலத்தான்.

அதே இடத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, 1992 டிசம்பரில், லாம்ப்டாமூவின் மந்திரவாதிகள் — அங்கே சாமிகள் அவர்கள்தான் — ஊர்ப் பஞ்சாயத்தில் இனித் தலையிட மாட்டோம் என்று அறிவித்து ஒதுங்கியிருந்தார்கள். அதனால் இந்தக் கொடுமை நடந்தபோது தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை. கூடிக் கூடிப் பேசியும் முடிவு வரவில்லை. கடைசியில் ஒரு மந்திரவாதி தனியாக முடிவெடுத்து அந்தப் பாத்திரத்தை நீக்கினார். பிறகு மனுவும் வாக்கெடுப்பும் வந்தன. 1996-ல், முழுக்க ஒதுங்கியிருப்பது நடக்கிற காரியமில்லை என்று மந்திரவாதிகளே அறிவித்தார்கள். ஆகவே எல்லை போடுவது என்றால் கோயிலைப் பூட்டிக்கொண்டு போய்விடுவது இல்லை. ஒருவர் இன்னொருவரை மிதிக்கிறார் என்றால் சாமி வேடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, உங்கள் சொந்தப் பெயரில், "இதை இங்கேயே நிறுத்துவோம்" என்று சொல்லுங்கள். சாமி வாயால் சொல்லாதீர்கள். கதைக்குள் இடி விழச் செய்து ஒரு மனிதரைத் திருத்த முடியாது.

அடுத்தவர் மேல் கை வைக்காமல் அதிகாரத்தை எப்படிக் காட்டுவது என்று கேட்டால், பாரதத்துக்குப் போங்கள். எங்கள் மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதம் படிப்பதும் இரவெல்லாம் கூத்து ஆடுவதும் உண்டு. செய்யாறு பக்கத்துப் புரிசை, கூத்துக்குப் பேர்போன ஊர். துகிலுரியும் சபையில் கண்ணன் இல்லை. ஓடி வந்து துச்சாதனன் கையைப் பிடிக்கவில்லை. சேலை நீண்டது, அவ்வளவுதான். இழுக்கிறவன் இழுத்துக்கொண்டே இருந்தான், அவன் கை அவனுடையதாகவே இருந்தது, களைத்து விழுந்தவனும் அவன்தான். போர்க்களத்திலும் பாருங்கள்: கண்ணன் ஆயுதம் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டுத் தேர் ஓட்ட உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தவர் பீஷ்மர் மேல் சக்கரத்தோடு இறங்கி ஓடிய ஒரு நொடிக்கு இருக்கிற வேகம், முதல் நாளிலிருந்தே சக்கரத்தைச் சுழற்றியிருந்தால் வந்திருக்காது. நீங்கள் போட்ட எல்லையை ஆட்டம் முழுவதிலும் ஒரே ஒரு முறை மீறலாம். எப்போது என்பதை மட்டும் யோசித்துக்கொண்டே இருங்கள்.

எப்போது தோன்றுவது

கார்த்திகை தீபத்தன்று எங்கள் ஊர்ப் பெரிய கோயிலுக்குள் இடம் கிடைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். விடியற்காலை பரணி தீபம். அதற்குப் பிறகு பகல் முழுக்கக் காத்திருப்பு. சாயங்காலம் பஞ்சமூர்த்திகள் ஒவ்வொருவராக வந்து அமர்கிறார்கள். கழுத்து வலிக்க வலிக்க எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆறு மணியை ஒட்டி அர்த்தநாரீஸ்வரர் வெளியே வருகிறார், ஆடி வருகிறார், சில நிமிடம்தான், உள்ளே போய்விடுகிறார். வருஷத்துக்கு ஒரே முறை, அந்தச் சில நிமிடம். அதே வேளையில் 2,668 அடி உயர மலை உச்சியில் கொப்பரை பற்றுகிறது. "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று எழும் சத்தம் வேங்கிக்கால் வீதிகளிலும் வாசல் வாசலாக எழுகிறது. மொட்டை மாடியில் அகல் வைத்துக்கொண்டு காத்திருக்கும் வீடுகளில் அதற்கப்புறம்தான் விளக்கு ஏற்றுவார்கள்.

தோன்றுதல் என்பதை இதைவிட யாரும் நேர்த்தியாக அமைக்க முடியாது. காத்திருப்பு நீளம், காட்சி குறுக்கம், விட்டுப்போன அடையாளம் ஊர் முழுக்கத் தெரியும் உயரத்தில். அந்த ஜோதி 11 நாள் எரிகிறது. உள்ளே போனவர் போய்விட்டார். ஜனங்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு தங்கள் காரியத்தைச் செய்கிறார்கள்.

ஆட்டத்தில் இதை இப்படிச் செய்யலாம். இரண்டு மணி நேர ஆட்டத்தில் சாமி நேரடியாகப் பேசுவது ஒரு முறைக்கு மேல் வேண்டாம். மற்ற நேரமெல்லாம் அறிகுறி மட்டும். கதைசொல்லியிடம் முன்கூட்டியே சொல்லி, நீங்கள் வரப்போகும் இடத்தைச் சுற்றி ஒரு காத்திருப்பை உண்டாக்கச் சொல்லுங்கள். பேசி முடித்ததும் கதைக்குள் ஒரு பொருளை விட்டுவிட்டுப் போங்கள்: அணையாத திரி, ஈரம் காயாத கல், தண்ணீரில் மூழ்காத வளையல். நீங்கள் இல்லாத வேளையில் மற்றவர்கள் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க ஒன்று இருக்க வேண்டும்.

ஒரு வரிப் பதில்

பேச்சுக்கு வருவோம். புராணப் படத்துச் சாமிபோல் "பக்தா, உன் பக்தியை மெச்சினோம்" என்று எழுதப் பலருக்கும் கை போகிறது. அது பழகிய ஓசை. அதனாலேயே அதில் பயமும் வராது, பாசமும் வராது. சாமியாடி அருள்வாக்குச் சொல்லும்போது கவனித்துப் பாருங்கள். குறுகிய வாக்கியம். கேட்ட கேள்விக்கு நேர்ப் பதில் அபூர்வம். மகள் கல்யாணம் பற்றிக் கேட்டால், "மூணு அமாவாசை போகட்டும்" என்று வரும். கூடவே ஒரு கேள்வி வரும்: "எனக்கு என்ன செய்வே?" கேட்டவர் ஏதாவது ஒப்புக்கொண்டாக வேண்டும். அந்த ஒப்புதல்தான் அடுத்த கதை.

விளிப்பதிலும் நம் மொழிக்குத் தனி வழக்கு இருக்கிறது. கலெக்டரை 'நீங்கள்' என்கிறோம், கடவுளை 'நீ' என்கிறோம். சாமியும் யாரையும் 'நீ' என்றுதான் சொல்லும். மகனே, மகளே, பாலகா, தாயி என்று உறவு சேரும். ஊர்ப் பெரியதனக்காரரையும் வளையல் விற்க வந்த பெண்ணையும் ஒரே 'நீ'யில் அழைக்கும்போது சாமியின் உயரம் தானாகத் தெரிந்துவிடும். எதிரே இருப்பவர் உங்களைத் திட்டினால் தடுக்காதீர்கள். சுந்தரர் கல்யாணப் பந்தலில், கிழவர் வேடத்தில் ஓலையோடு வந்த சிவனைப் பித்தன் என்றார். அந்தச் சொல்லையே தமிழ் பாட்டாக்கிக்கொண்டது. திட்டுகிற உரிமை நெருக்கத்தின் அளவு.

எங்கள் ஆட்டத்திலிருந்து ஒரு இடம். விவசாயி எழுதினார்:

"மதகடியில கற்பூரம் ஏத்துறேன். ஆத்தா, தண்ணி ஏன் இறங்கிக்கிட்டே போவுதுன்னு கேக்குறேன்."

விடை எனக்குத் தெரியும். கிழக்குக் கரையில் நண்டு வளை. அதன் வழியே கசிவு. நான் முதலில் தட்டச்சு செய்தது: "நான் இந்த ஏரியின் தெய்வம். உன் வேண்டுதலைக் கேட்டேன். கிழக்குக் கரையில் நண்டு வளை வழியாகத் தண்ணீர் கசிகிறது. அதை அடைத்தால் ஊர் பிழைக்கும்." அனுப்பும் முன் படித்துப் பார்த்தேன். மறுபடியும் வருணனாக ஆகிவிட்டிருந்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு இதை எழுதினேன்:

"கற்பூரம் கிழக்கே சாய்ந்து எரிகிறது. காற்று இல்லை."

ஆறு சொல். விவசாயி கிழக்கே நடந்தார். ராத்திரியில் கரைமேல் ஆள் நடமாட்டம் என்று தலையாரி பின்னாலேயே போனார். இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றி, விளக்கு கீழே விழுந்து அணைந்தது. இருட்டில் அங்கே வந்த நீர்க்கட்டியின் கால் சேற்றில் புதைந்தபோதுதான் அங்கே ஈரம் இருப்பதே தெரிந்தது. முக்கால் மணி நேரம் அவர்களே ஆடினார்கள். நான் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அந்த ஏழு வாரத்தில் எனக்கு மிக இனிப்பாக இருந்த நேரம் அதுதான்.

உங்கள் பதிலை அனுப்பும் முன் ஒன்றைப் பாருங்கள். அதைப் படித்தவர் உடனே எழுந்து எங்காவது போவாரா? போவார் என்றால் அனுப்புங்கள். "சரி சாமி" என்று உட்கார்ந்துவிடுவார் என்றால் அழியுங்கள்.

திருவுளச் சீட்டு

சாமிக்கே முடிவு தெரியாத இடங்கள் வேண்டும். வெளிநாட்டு ஆட்டங்களில் பல முகப் பகடை உருட்டுகிறார்கள். நமக்குத் திருவுளச் சீட்டு இருக்கிறது. பெயரிலேயே தெய்வத்தின் உள்ளம் இருக்கிறது. கோயிலில் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் போட்டு, குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்கிறோமே, அதையே ஆட்டத்துக்குக் கொண்டுவரலாம். யாராவது வேண்டுதல் வைத்தால், வெள்ளை வந்தால் என்ன, சிவப்பு வந்தால் என்ன என்று இரண்டையும் முதலில் எழுதி எல்லாரும் பார்க்கப் போட்டுவிடுங்கள். பிறகு எடுக்கும் வேலையைக் கதைசொல்லியிடம் விடுங்கள். வந்ததை மாற்றக் கூடாது. சிவப்பு என்றால் மறுப்பு என்று வைக்காதீர்கள். 'கிடைக்கும், ஆனால் விலை உண்டு' என்று வைத்தால் கதை நிற்காது. பூவுக்குப் பதில் தாயக்கட்டையும் சரிதான்.

தோற்கத் தெரிந்த சாமி

இந்தப் பகுதியைத்தான் நான் மிகவும் வற்புறுத்துவேன். தோற்கத் தெரியாதவர் சாமி வேடம் ஏற்கக் கூடாது.

மாட்டுப் பொங்கலன்று எங்கள் ஊரில் திருவூடல். தன்னை விட்டுவிட்டுச் சுவாமியை மட்டும் கும்பிட்ட பிருங்கி முனிவருக்கு அவர் அருள் செய்தார் என்று அம்மனுக்குக் கோபம். திருவூடல் தெருவிலே இருவரும் ஊடல் செய்ய, அம்மன் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். உலகாளும் அண்ணாமலையார் வெளியே நிற்கிறார். இரவு தனியாகக் குமரக்கோயிலில் தங்கி, மறுநாள் தனியாகவே மலையைச் சுற்றி வந்து, பிறகுதான் மறுவூடல். கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போக அவரால் முடியாதா? முடியும். போகாததால் அது ஊடல். வருஷா வருஷம் தெருவில் நின்று அந்தக் கதவு சாத்தப்படுவதைப் பார்க்கிறோம், அலுக்கவே இல்லை.

மாசி மகத்தன்று அதே அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் புறப்படுகிறார். பிள்ளையில்லாதவர் என்று கதை சொல்லும் வல்லாள மகாராஜாவுக்கு மகனாக இருந்து திதி கொடுப்பதற்கு. 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிருந்து ஆண்ட போசள மன்னர் அவர். அவர் இறந்து ஏறக்குறைய 680 வருஷம் ஆகிறது. மகன் கடமை இன்னும் தீரவில்லை. ஆட்டத்தில் சாமி ஒரு வாக்குக் கொடுத்தால் அந்த வாக்கு சாமியைக் கட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சொல்வது? எங்கள் கன்னி, வளையல்காரியிடம் 'உன் கூடையில் ஒரு வளையல்கூட உடையாது' என்று சொல்லிவிட்டாள். அப்புறம் ஒரு நாள் கூடையோடு அந்தப் பெண்ணைத் தண்ணீருக்குள் இழுத்தால்தான் ஊருக்கு உண்மை தெரியும் என்ற நிலை வந்தது. இழுக்க முடியவில்லை. சொன்ன சொல் குறுக்கே நின்றது. அந்தத் தவிப்பை நான் எழுதவில்லை. அலை கரையைத் தொட்டுத் தொட்டுத் திரும்பிப் போவதை மட்டும் எழுதினேன்.

மதுரைத் திருவிளையாடல் 64-ல் ஆட்டக்காரர் பாடமாகப் படிக்க வேண்டியவை இரண்டு. பிட்டுக்கு மண் சுமந்தது ஒன்று. பிட்டு விற்ற கிழவி வந்தியின் பங்குக் கரையை அடைக்கக் கூலி ஆளாக வந்த சிவன், உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு, வேலையை ஒழுங்காகச் செய்யாமல் ஆடிப் பாடித் தூங்கினார். பிரம்படி பட்டார். அடித்த பாண்டியன் முதுகிலும் அது விழுந்தது, எல்லா உயிர்கள் மேலும் விழுந்தது. அடி வாங்கியது சாமி, வலித்தது ஊருக்கு. அதிகாரம் வெளிப்பட்டது அடி வாங்கிய பிறகுதான்.

மற்றொன்று நக்கீரர் வழக்கு. தருமிக்காகப் பாட்டு எழுதிக் கொடுத்தவரே சபைக்கு வந்து வாதாடினார், நக்கீரர் குற்றம் குற்றமே என்று நின்றார், நெற்றிக்கண் திறந்தது. 1965-ல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'திருவிளையாடல்' படத்தில் இந்தக் காட்சியைப் பார்க்காத தமிழர் குறைவு. புராணம் நக்கீரரைப் பொற்றாமரைக் குளத்தில் விழவைத்துப் பிறகு கரையேற்றுகிறது. நம் ஜனங்கள் மனசில் நின்றவர் என்னவோ நிமிர்ந்து நின்ற நக்கீரர்தான். உங்கள் குழுவிலும் ஒரு நக்கீரர் இருப்பார். "சாமி, போன வாரம் நீங்க சொன்னதுக்கு இது மாறாக இருக்கே" என்பார். அங்கே நெற்றிக்கண்ணைத் திறக்காதீர்கள். அவர் சொல்வது சரியென்றால் சாமி தவறு செய்ததாகவே கதையில் வையுங்கள். மூத்தவள் இளையவளைக் கண்டிக்கட்டும், கரையில் ஒரு கல் சாயட்டும். தவறிய சாமியை ஜனங்கள் கைவிட மாட்டார்கள். பரிகாரம் செய்ய ஓடி வருவார்கள்.

இயந்திரம் எதிரே இருந்தால்

எதிரே ஆட்களில்லாமல் நிரலோடு ஆடுவோருக்குச் சுருக்கமாக ஒன்றிரண்டு. ஆங்கில ஆட்டங்கள் வினைச்சொல்லை முதலில் எதிர்பார்த்து எழுதப்பட்டவை. தமிழில் 'மதகைத் திற', 'கல்லுக்கு மஞ்சள் பூசு' என்று வினை கடைசியில் வரும். பெயரோடு வேற்றுமை உருபு ஒட்டும். நடுவில் ஒற்று மிகும். தமிழில் நீங்களே ஆட்டம் எழுதினால் மதகு, மதகை, மதகைத், மதகுக்கு, மதகில் ஆகிய எல்லா வடிவையும் ஒரே பொருளாக நிரலுக்குச் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் 'புரியவில்லை' என்ற பதிலைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

2019-ல் ஏஐ டன்ஜன் என்ற ஆட்டம் வந்ததிலிருந்து செயற்கை நுண்ணறிவு கதைசொல்லிகளோடும் பலர் ஆடுகிறார்கள். அங்கே சாமிக்கு ஆபத்து அதிகம். நீங்கள் 'மலையைப் பெயர்த்தேன்' என்றால் பெயர்ந்துவிட்டது என்று அது ஒத்துக்கொண்டு போகும். தடுக்க நக்கீரர் இல்லை. அதனால் முதல் செய்தியிலேயே உங்கள் சாமியின் எல்லையையும் முடியாதவற்றையும் எழுதி, 'இவற்றை மீறினால் என்னைத் தடு' என்று கேட்டுவிடுங்கள்.

மலையேறுதல்

சாமியாடியிடமிருந்து அருள் இறங்கிப் போவதை 'மலையேறிடுச்சு' என்கிறோம். விளக்கு குளிர்வதையும் மலையேறியது என்கிறோம். இந்தச் சொல்லை ஆட்டத்தில் அப்படியே வைத்துக்கொண்டோம். சாமி வேடத்தை முடிக்கும்போது குழுவில் 'மலையேறுறேன்' என்று ஒரு வரி போட வேண்டும். அதற்குப் பிறகு அன்றைக்கு அந்தச் சாமி பேசாது. அந்த வரி இல்லாமல் போனால், சாப்பாட்டு நேரத்தில் போடும் சாதாரணச் செய்தியைக்கூட மற்றவர்கள் சாமி பேசுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். கூத்து முடிந்ததும் நடிகர் கட்டை அணிகளையும் கிரீடத்தையும் கழற்றி, எண்ணெய் தொட்டு முகத்து வண்ணத்தைத் துடைப்பாரே, அதற்கு இணையான ஒன்று எழுதுகிறவருக்கும் வேண்டும். நான் போனை வைத்துவிட்டு மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நடப்பேன்.

ஏழாவது வாரம் ஏரி நிறைந்து கோடி போயிற்று. இளையவள் கலங்கல் தாண்டி ஊர் பார்க்கப் போனாள். தெருத் தெருவாக எழுதலாம் என்று ஆசையாக இருந்தது. ஒரு வாசல் கோலத்தைத் தொட்டுவிட்டுத் தண்ணீர் வடிந்ததாக மட்டும் எழுதி, 'மலையேறுறேன்' என்று போட்டேன். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு நீர்க்கட்டி எழுதினார்:

"கரையில ஏழு கல்லுக்கும் மஞ்சள் பூசுறேன். ஆறு காஞ்சிருக்கு. கடைசிக் கல்லு மட்டும் ஈரமா இருக்கு."

நான் பதில் எழுதவில்லை.